மழையின் அளவும் மழைநீரின் வேதியியலும்: திருப்பதிச் சீமையிலிருந்து ஒரு திருத்தத்தின் வரலாறு

திருப்பதியில் பெய்யும் மழைநீரில் கால்சியம் எவ்வளவு என்று கேட்டால், ஒரே ஆண்டில் ஒரே கூரையின்மேல் ஒரே புட்டியில் பிடித்த நீரைக் கொண்டு ஒன்றுக்கொன்று ஐந்து மடங்கு வேறுபடும் இரு விடைகளைத் தர முடியும். இரண்டும் கணக்கில் சரியானவை. எது பொருத்தமான விடை என்பது, நாம் யாருக்காக, எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மழை வேதியியல் ஆய்வுகளில் "மழையளவுக்கான திருத்தம்" என்று ஒரே சொல்லால் கடந்துபோகும் ஒரு செயல், வரலாற்றில் குறைந்தது மூன்று தனித்தனிச் செயல்களாகப் பிறந்து வளர்ந்தது. அவை ஒன்றோடொன்று கலந்துபோனதால் நிலத்தடி நீர்க் கணக்கிலும் பஞ்ச வரலாற்றிலும் என்ன குழப்பம் நேர்கிறது என்பதை விளக்குவதே இப்பதிவின் நோக்கம். சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் ஓர் எளிய கற்பனைக் கணக்கு. மூன்று மழைகள் பெய்தன என்று கொள்வோம். முதல் மழை 2 மி.மீ.; அதில் லிட்டருக்கு 10 மி.கி. கால்சியம். இரண்டாவது 8 மி.மீ.; 4 மி.கி. மூன்றாவது 90 மி.மீ. பெருமழை, வெறும் 0.5 மி.கி. மூன்று செறிவுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 4.83 மி.கி. ஆனால் மூன்று மழைகளையும் ஒரே அண்டாவில் பிடித்துக் கலக்கியிருந்தால் அந்நீரில் இருக்கும் செறிவு 0.97 மி.கி. மட்டுமே. முன்னது சாதாரணச் சராசரி. பின்னது ஒவ்வொரு மழைக்கும் அதன் அளவுக்கேற்ற எடையைக் கொடுத்துக் காணும் எடையிட்ட சராசரி. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர் என்பதால், இம்மூன்று மழைகளும் சதுர மீட்டர் நிலத்தில் 97 மி.கி. கால்சியத்தை இறக்கின என்பதும் அதே கணக்கிலிருந்து தானாகவே கிடைத்துவிடுகிறது.

சிறு மழையில் செறிவு மிகுவதும் பெருமழையில் குறைவதும் ஏன்? மழை தொடங்கும் முதல் சில நிமிடங்களில், மேகத்துக்குக் கீழுள்ள காற்றில் மிதக்கும் தூசியைத் துளிகள் அள்ளிக்கொண்டு இறங்குகின்றன. காற்று கழுவப்பட்ட பின் பெய்யும் நீர் ஏறத்தாழத் தூய்மையானது. அது முன்னர் விழுந்ததை நீர்த்துப்போகச் செய்கிறது. இதனோடு, வறண்ட காற்றின் ஊடே விழும் சிறு துளி பாதி வழியில் ஆவியாகிச் சுருங்குவதால் அதன் செறிவு மேலும் உயர்கிறது. செறிவையும் மழையளவையும் மடக்கை அளவுகோலில் வரைந்தால் புள்ளிகள் கீழ்நோக்கிச் சரியும் ஒரு கோட்டை ஒட்டி அமைவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன.

மொழியியலில் முதுகலை பயின்ற எனக்கு இக்கோட்டைக் கண்டதும் நினைவுக்கு வந்தது, ஒரு பனுவலின் சொல்வளத்தை அளக்கும் பழைய சிக்கல். வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சொல்வளம் கிடைக்கும் என்று தொடக்கத்தில் நம்பினர். ஆனால் பனுவல் நீள நீள இவ்விகிதம் குறைந்துகொண்டே போகும். நூறு சொல் விளம்பரம், பத்தாயிரம் சொல் நாவலைவிடச் "சொல்வளம்" மிக்கதாகிவிடும். பிரெஞ்சு மொழியியலர் பியேர் கிரோ வகுத்தெண்ணை மாற்றி, மொத்தச் சொற்களின் வர்க்கமூலத்தால் வகுத்தார்; பின்வந்த குஸ்டாவ் ஹெர்டன் மடக்கையை நாடினார். மழையைப் போலவே மொழியிலும், தொடக்கத்தில் புதியன மிகுதியாக விழுகின்றன. பின்னர் வருவது பெரும்பாலும் முன்பே வந்ததுதான். ஒப்புமை இத்துடன் நிற்கட்டும். ஆனால் இரு துறைகளிலும் திருத்தத்தின் வடிவம் ஒன்றாக இருப்பதும், இரண்டிலும் அதைத் தேவையில்லாத இடத்தில் பயன்படுத்துவோர் இருப்பதும் தற்செயல் அன்று.

இனி வரலாறு. மழையின் அளவைக் கலத்தால் அளக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. அர்த்தசாஸ்திரம், பண்டகசாலையின் முன் ஓர் அரத்னி அகல வாயுடைய மழைக்கலத்தை வைக்கச் சொல்கிறது. நாட்டின் பகுதிகளுக்கு இத்தனை துரோணம் மழை என்று கணக்கும் தருகிறது. அங்கே மழை ஓர் ஆழம் அன்று, ஒரு கொள்ளளவு. நம் பஞ்சாங்கங்கள் இன்றும் ஆண்டு மழையை மரக்கால் கணக்கில் சொல்லி, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று பங்கிடுகின்றன. சித்தூர் எல்லைப்புறத்தில் தமிழ்ப் பஞ்சாங்கம் பார்ப்பவர் மரக்கால் என்பதைத் தெலுங்குப் பஞ்சாங்கம் பார்ப்பவர் குஞ்சம் என்பார். உழவரின் அளவு வேறு: தமிழில் "ஒரு உழவு மழை", தெலுங்கில் "பதுனு". அது கலத்தில் விழுந்ததை அளப்பதில்லை. மண்ணுக்குள் இறங்கியதை அளக்கிறது. விழுந்தது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்னும் இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்க; நிலத்தடி நீர் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

மழையின் அளவோடு அதன் வேதியியலையும் சேர்த்துக் கேட்ட நவீன முயற்சிகளில் முன்னோடி, இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம். 1850களின் தொடக்கத்தில் அங்கே ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள ஒரு மாபெரும் மழைமானியை அமைத்தனர். காரணம் ஒரு சண்டை. பயிருக்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றும் மழையுமே போதிய அளவு தந்துவிடும் என்றார் லீபிக். போதாது, உரம் வேண்டும் என்றனர் லாஸும் கில்பர்ட்டும். இதைத் தீர்க்க வேண்டுமானால் ஒரு லிட்டரில் எவ்வளவு அம்மோனியா என்பது போதாது. ஓர் ஏக்கரில் ஓராண்டில் எத்தனை பவுண்டு விழுகிறது என்பதே வேண்டும். ஆகவே செறிவை மழையளவால் பெருக்கினர். எடையிட்ட சராசரி இவ்வாறு உழவுக் கணக்கிலிருந்து பிறந்தது. அது நிலத்தின் பக்கம் நின்று கேட்ட கேள்விக்கான விடை.

இதே காலத்தை ஒட்டி மான்செஸ்டரில் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் கேட்டது வேறொரு கேள்வி. 1872இல் வெளிவந்த 'காற்றும் மழையும்' என்னும் பொருள்படும் தம் நூலில் அவர் மழையை நகரக் காற்றின் சாட்சியாகக் கண்டார். அமில மழை என்னும் தொடரைப் பரப்பியவர் அவரே. காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அறிய விரும்புபவருக்கு மழையளவு ஒரு தடை. 2 மி.மீ. மழையும் 90 மி.மீ. மழையும் ஒரே காற்றைக் கழுவியிருந்தாலும் வெவ்வேறு சாட்சி சொல்லும். அவருக்கு வேண்டியது எடையிடுதல் அன்று. அளவின் விளைவைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பது. இன்றைய சொல்லில், தொடர்புப்போக்குத் திருத்தம். நிலத்தின் கேள்வியும் காற்றின் கேள்வியும் இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரிந்துவிட்டன. பிரிந்ததை யாரும் அறிவிக்கவில்லை என்பதுதான் பின்வந்த குழப்பத்தின் வேர்.

குழப்பம் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்ததற்கு எளிய காரணம் உண்டு. சுவீடனில் ஹான்ஸ் எக்னேர் தொடங்கி 1950களில் ஐரோப்பா முழுதும் விரிந்த மழை வேதியியல் வலையமைப்பில், மாதம் முழுவதும் பெய்த மழையை ஒரே கலத்தில் சேர்த்து மாத இறுதியில் ஆய்ந்தனர். அங்கே எடையிடும் வேலையைப் புட்டியே செய்துவிட்டது; ஆய்வாளர் சூத்திரம் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு மழையையும் தனித்தனியே பிடிக்கும் வழக்கம் பரவியபோதுதான், நூறு எண்களை எப்படி ஓர் எண்ணாக்குவது என்ற வினா ஆய்வாளரின் மேசைக்கு வந்தது.

இந்தியாவில் இவ்வினா முன்னரே எழுப்பப்பட்டுள்ளது. எல். டி. கேமானியும் பி. வி. ராமணமூர்த்தியும் தில்லி மழைநீரின் வேதியியலை மழையின் இயல்புகளோடு இணைத்து ஆராய்ந்த கட்டுரை 1968இல் 'டெல்லஸ்' இதழில் வெளிவந்தது. மழை எப்படிப் பெய்தது என்று கேட்காமல் மழையில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது என்னும் அணுகுமுறை அதன் தலைப்பிலேயே தெரிகிறது. பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறை கொடைக்கானல், விசாகப்பட்டினம், மினிக்காய், போர்ட் பிளேர் உள்ளிட்ட பத்து இடங்களில் நிலையங்கள் அமைத்து மழைநீரைத் தொடர்ந்து சேகரித்து வருகிறது.

திருப்பதிக்கு வருவோம். ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954இல் தொடங்கப்பட்டது. அந்நகரின் மழைநீர் அயனிகளைப் பற்றி பி. சந்திரமௌலி, எஸ். வெங்கட மோகன், எஸ். ஜயராம ரெட்டி ஆகியோர் எழுதிய கட்டுரை 2005இல் 'அட்மாஸ்பெரிக் என்விரான்மென்ட்' இதழில் வந்தது. அதன் முடிவு, அமில மழை பற்றிய ஐரோப்பிய அச்சத்துக்கு நேர்மாறானது: திருப்பதி மழை காரத்தன்மை உடையது. நிலத்திலிருந்து எழும் தூசி, குறிப்பாகக் கால்சியம், அமிலத்தைத் துளியிலேயே நடுநிலையாக்கிவிடுகிறது. இராயலசீமையின் வறண்ட செம்மண்ணை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது.

ஆனால் இங்கே மழையளவுத் திருத்தம் ஐரோப்பாவைவிடச் சிக்கலானது. சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் மாலையும் இரவும் இடியோடு வந்து விரைவில் ஓயும் மழை. இடையே வெயில் நாட்கள், தூசி எழ நேரம் தரும் நாட்கள். அக்டோபருக்குப் பின் வங்கக் கடலிலிருந்து வரும் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் நாள்கணக்கில் நின்று பெய்யும். அவை கடல் உப்பைக் கொண்டுவரும். ஆக, சிறு மழை, பெருமழை என்னும் வேறுபாடு இங்கே வெறும் அளவு வேறுபாடு அன்று. எங்கிருந்து வந்த காற்று என்னும் வேறுபாடும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆண்டு முழுதும் சேர்த்த மாதிரிகளுக்கு ஒரே கோட்டைப் பொருத்தி "மழையளவின் விளைவை நீக்கிவிட்டோம்" என்று எழுதினால், நீக்கியதில் ஒரு பகுதி பருவக்காற்றே ஆகும். அளவைக் கழிக்கப் போய்க் கடலையே கழித்துவிடுகிறோம். பருவங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே கோடு பொருத்துவது குறைந்தபட்ச நேர்மை.

இதனால்தான் மூலங்களைக் கண்டறிய விரும்புவோர் தனி அயனியின் செறிவைவிட அயனிகளுக்கு இடையிலான விகிதத்தை நம்புகின்றனர். நீர் கூடினால் கால்சியமும் நீர்க்கும், சோடியமும் நீர்க்கும், விகிதம் மாறாது. இது நல்ல உத்தி, ஆனால் முழுப் பாதுகாப்பு அன்று. கால்சியம் பருமனான தூசியில் இருக்கிறது, அமோனியம் சல்பேட்டு நுண்துகளில் இருக்கிறது. துளிகள் இவ்விரண்டையும் ஒரே வேகத்தில் அள்ளுவதில்லை. பருமனானது முதலில் தீர்ந்துபோகும். எனவே மழை நீளும்போது விகிதமும் நகரும்.

அமிலத்தன்மையைச் சராசரியாக்குவதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பி.எச். மதிப்பு மடக்கை அளவு. பி.எச். 4 உள்ள 5 மி.மீ. மழையும் பி.எச். 6 உள்ள 45 மி.மீ. மழையும் பெய்தால் சராசரி 5 என்று எழுதுவோர் உண்டு. ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்கு மாற்றி, எடையிடாமல் சராசரி கண்டு திருப்பினால் 4.3 வரும், எடையிட்டால் 4.96. கடைசி எண் முதல் எண்ணுக்கு அருகில் இருப்பது வெறும் தற்செயல். எடைகளை இடம் மாற்றிப் பாருங்கள், விலகல் தெரியும். இதிலும் ஒரு நுணுக்கம்: ஹைட்ரஜன் அயனியை இவ்வாறு எடையிடுவது அமில மழைக்குப் பொருந்தும். திருப்பதி போன்ற கார மழையில் பைகார்பனேட்டு இருக்கிறது. இரு நீர்களைக் கலக்கும்போது அது ஹைட்ரஜன் அயனியை விழுங்கும். அங்கே ஹைட்ரஜன் அயனி, கூட்டிக் கழிக்கக்கூடிய பொருளே அன்று. மேலைநாட்டுக் கையேட்டிலுள்ள சூத்திரத்தை இங்கே அப்படியே இறக்குமதி செய்த ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். சூத்திரம் சரி, நீர் வேறு.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், பாகாலைக்கு அருகே காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. உலக வளிமண்டல ஆய்வாளர்களுக்குத் திருமலையைவிடக் காதங்கி நன்கு தெரிந்த பெயராக இருக்கக்கூடும். 1990களின் தொடக்கத்தில் இங்கே 1024 அலைவாங்கிகள் கொண்ட எம்.எஸ்.டி. ராடார் நிறுவப்பட்டது. அம்மையம் 2005இல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்னும் பெயர் பெற்றது. விண்வெளித் துறையின் கீழ் இயங்குகிறது. மழையைத் துளித்துளியாக அளக்கும் துளியளவியும், மேகத்துக்குள் காற்று ஏறி இறங்குவதைக் காணும் ராடார்களும் ஒரே வளாகத்தில் இருப்பது இதன் சிறப்பு. தென்மேற்குப் பருவ மழையில் பெருந்துளிகளின் பங்கு மிகுதி, வடகிழக்குப் பருவ மழையில் சிறுதுளிகளின் பங்கு மிகுதி என்பது இங்கே எடுத்த அளவீடுகளால் நிறுவப்பட்டது. நம் கேள்விக்கு இது நேரடிப் பொருத்தம் உடையது. ஒரே 10 மி.மீ. மழையை ஆயிரம் பெருந்துளிகளாகவும் தரலாம், பல்லாயிரம் சிறுதுளிகளாகவும் தரலாம். தூசியை அள்ளும் திறனும் ஆவியாகும் வேகமும் துளியின் பருமனைப் பொறுத்தவை. மழைமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும்.

காதங்கியைச் சுற்றி 50 கி.மீ.க்கு 50 கி.மீ. பரப்பில் 36 மழைமானிகளை நிறுவி, மழை சிறு தூரத்துக்குள் எப்படி மாறுகிறது என்று கே. சுனில்குமார், டி. நாராயண ராவ் முதலியோர் ஆராய்ந்தனர். 2016இல் அது வெளிவந்தது. ஏறத்தாழ எழுபது சதுர கி.மீ.க்கு ஒரு மானி. மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு மானிகளை வைத்து எடையிடும் நம் வழக்கத்தோடு ஒப்பிட இது ஆடம்பரமாகத் தோன்றும். இடிமழை நாட்டில் ஆடம்பரம் அன்று. மழைநீர் பிடித்த கூரையில் பெய்ததும், ஐந்து கி.மீ. தள்ளியுள்ள வானிலை நிலையத்தில் பதிவானதும் வேறு வேறு மழைகளாக இருக்கக்கூடும். வேதியியலாளர் ஓரிடத்துச் செறிவை வேறோரிடத்து அளவால் எடையிடும்போது, இரு சரியான எண்களைப் பெருக்கி ஒரு தவறான எண்ணைப் பெறுகிறார்.

நேரத்திலும் இதே பொருத்தமின்மை உண்டு. நம் நாட்டில் ஒரு நாளின் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மாலையில் தொடங்கி நள்ளிரவில் ஓய்ந்த மழைக்கு இதனால் கேடில்லை. விடிகாலை தொடங்கி முற்பகலில் முடிந்த மழையோ பதிவேட்டில் இரு நாட்களாகப் பிளக்கும். புட்டியிலோ அது ஒரே மழை.

இதுவரை பேசியது அயனிகளைப் பற்றி. ஐசோடோப்புகளின் கதையில் மழையளவு தடையாக அன்றிச் செய்தியாகவே நுழைந்தது. 1952 ஜூனில் கோபன்ஹேகனில் ஒரு பெருமழையின்போது வில்லி டான்ஸ்கார்ட் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு காலி பீர் புட்டியில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். மழை நகர நகர அதிலுள்ள ஆக்சிஜன்-18இன் விகிதம் மாறுவதைக் கண்டார். அங்கிருந்து தொடங்கிய வேலை 1964இல் 'டெல்லஸ்' கட்டுரையாக நிறைவுற்றது. வெப்பமண்டலத்தில் மழை மிகுந்த மாதங்களில் கனமான ஆக்சிஜன் குறைந்திருக்கும் என்னும் 'அளவு விளைவு' அக்கட்டுரையால் நிலைபெற்றது. 1960களின் தொடக்கத்திலிருந்து பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் இணைந்து மாத மழைநீரைச் சேகரித்து வருவதால் தரவுக்கும் பஞ்சமில்லை.

வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குகைகளில் வளரும் சுண்ணப் படிவுகளின் ஆக்சிஜன் விகிதத்தைப் படித்து, பல நூற்றாண்டு மழையை மீட்டெடுக்கும் ஆய்வுகளின் அடித்தளம் இந்த அளவு விளைவே. சத்தீஸ்கரின் தண்டக் குகைப் படிவைக் கொண்டு ஆஷிஷ் சின்ஹாவும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட, பொ.ஆ. 600 முதல் 1500 வரையிலான பருவமழை வரைவு, தக்காணப் பஞ்சங்கள் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. வரைவு கீழே போனால் வறட்சி, மேலே போனால் நல்ல மழை என்று வரலாற்றுக் கட்டுரைகள் அதை நேர்ப்பொருளில் படிக்கின்றன. ஆனால் அளவு விளைவு மெய்யாகவே அளவின் விளைவா?

காதங்கியில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே முக்கியமானது. டி. நாராயண ராவும் ஆர். ரமேஷ் உள்ளிட்ட இயற்பியல் ஆய்வாளர்களும், பெரிய இடிமழைத் தொகுதிகளின் நீரிலுள்ள ஐசோடோப்புகளையும் ராடார் காட்சியையும் ஒருங்கே வைத்து, மேகத்துக்குள் நடப்பதை ஊகிக்க முயன்றனர். அதாவது, மானியில் விழுந்த மி.மீ. மட்டும் போதாது, அந்த நீர் கொந்தளிக்கும் மேகத்திலிருந்து வந்ததா, அதன்பின் படரும் அமைதியான அடுக்கு மேகத்திலிருந்து வந்ததா என்பதும் வேண்டும். 2014இல் பி. ஆர். லட்சுமி, எம். மிதுன், ஆர். ரமேஷ் ஆகியோர் கேரள மழையை ஆராய்ந்து, கன ஆக்சிஜன் குறைவது அவ்விடத்து மழையளவோடு அன்றி, பரந்த நிலப்பரப்பில் ஒழுங்குற்றெழும் மேகத்திரளோடு தொடர்புடையது என்று காட்டினர். 2016இல் பிரதீப் அகர்வாலும் குழுவினரும் உலகத் தரவைக் கொண்டு, கொந்தளிப்பு மழைக்கும் அடுக்கு மழைக்கும் இடையிலான பங்கே ஐசோடோப்பில் பதிகிறது என வாதிட்டனர்.

இதனால் குகைப் படிவுகள் பொய்யாகிவிடவில்லை. பரந்த மேகத்திரள் எழாத ஆண்டுகள் பொதுவாக மழை குறைந்த ஆண்டுகளே. ஆனால் "சித்தூர்ச் சீமையில் அவ்வாண்டு மழை பொய்த்தது" என்று ஒரு தொலைதூரக் குகையைச் சாட்சி வைத்து எழுதும்போது நாம் இரண்டு படிகளைத் தாண்டுகிறோம். குகையின் எண் வட்டார மேகங்களின் அமைப்பைச் சொல்கிறது. அதிலிருந்து குகைமேல் பெய்த மழைக்கு ஒரு படி, அங்கிருந்து இன்னொரு மாவட்டத்தின் ஏரிக்கு இன்னொரு படி. மேலும் குகை தென்மேற்குப் பருவத்தின் சாட்சி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரப்பும் ஊர்களுக்கு அது பாதிச் சாட்சியே. திருமலைக் கோயிலுக்கு வந்த காணிக்கைப் பணம், விஜயநகர காலத்தில் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளில் முதலீடானதைப் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் கல்வெட்டுகளைக் கொண்டு காட்டினார். அம்முதலீடுகளை வறட்சியின் எதிர்வினையாகப் படிக்கும் ஆவல் எளிதில் எழும். கல்வெட்டின் தேதியும் குகையின் வளைவும் பொருந்துவதாகத் தோன்றும் இடங்களில்தான் நான் மிகவும் தயங்குகிறேன்.

நிலத்தடி நீருக்கு வருகிறேன். பணமும் வாழ்வும் நேரடியாகத் தொங்குவது இங்கேதான். குளோரைடு மண்ணில் தங்காது, பயிரும் அதிகம் உறிஞ்சாது. எனவே மழையில் வந்த குளோரைடு, நீர் ஆவியான பின் எஞ்சிய சிறு நீரோடு கீழே இறங்குகிறது. மழையளவை மழையின் குளோரைடால் பெருக்கி, கிணற்று நீரின் குளோரைடால் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை மி.மீ. நீர் நிலத்தடிக்கு இறங்குகிறது என்பது கிடைக்கும். எரிக் எரிக்சனும் குனாகசேமும் 1969இல் இஸ்ரேலியக் கடற்கரைச் சமவெளிக்குப் பயன்படுத்திய இம்முறை, செலவு குறைவானது என்பதால் கடினப்பாறை நாடான இராயலசீமை போன்ற பகுதிகளுக்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்படுகிறது.

மீண்டும் ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டு மழை 800 மி.மீ.; கிணற்று நீரில் லிட்டருக்கு 60 மி.கி. குளோரைடு. மழைநீரின் சாதாரணச் சராசரி 3 மி.கி. என்று எடுத்தால் ஊறல் 40 மி.மீ. எடையிட்ட சராசரி 1.5 மி.கி. என்றால் 20 மி.மீ. இரண்டுக்கும் இடையிலுள்ள 20 மி.மீ. ஒரு சதுர கி.மீ.யில் இரண்டு கோடி லிட்டர். இல்லாத அந்த நீரைக் காகிதத்தில் இருப்பதாகக் காட்டி இன்னும் சில ஆழ்துளைக் கிணறுகளுக்கு இடமுண்டு என்று பரிந்துரைக்க முடியும். இங்கே எடையிடுதல் விருப்பத் தேர்வன்று, சமன்பாட்டின் பகுதி. விழுந்த மொத்தக் குளோரைடே கணக்கு. இன்னும் சொன்னால், மழையில்லா நாட்களில் தூசியாகப் படியும் குளோரைடையும் சேர்க்க வேண்டும். அதை விட்டால் பிழை எதிர்த்திசையில் செல்லும்.

இதே எடையிட்ட சராசரியைக் காற்றின் கேள்விக்குப் பயன்படுத்தினால் வேறு பிழை. இந்திய நிலையங்கள் பலவற்றில் பத்தாண்டுகளாக மழைநீரின் பி.எச். குறைந்து வருவதாக ஆய்வுகள் வந்துள்ளன. இத்தகைய போக்கை மதிப்பிடும்போது, எடையிட்டுவிட்டோம், ஆகவே மழையளவின் தாக்கம் நீங்கிவிட்டது என்று கருதுவது பரவலான மயக்கம். எடையிட்ட சராசரியும் மழை மிகுந்த ஆண்டில் தாழும், குறைந்த ஆண்டில் உயரும். எடையிடுதல் மழையளவை உள்ளே சேர்க்கும் செயல். வெளியே தள்ளும் செயல் அன்று. நல்ல மழை பெய்த ஓராண்டில் "சல்பேட்டுச் செறிவு குறைந்தது" என்றும் "சல்பேட்டுப் படிவு கூடியது" என்றும் இரு அறிக்கைகள் வரலாம். இரண்டும் மெய். காற்று தூய்மையானதா என்பதற்கு இரண்டும் விடையல்ல. அதற்கு மழையளவின் விளைவைத் தனியே மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும்.

நம் கலைச்சொல்லும் குழப்பத்துக்கு ஓரளவு துணைபோகிறது. 'திருத்தம்' என்றால் பிழையைச் சரிசெய்தல் என்றே தமிழ்க் காது கேட்கும். எடையிடுதலில் திருத்தப்படும் பிழை எதுவும் இல்லை. கேள்விக்கேற்ற கூட்டல்தான் இருக்கிறது. எனவே நிலத்தின் கேள்விக்கு 'அளவெடையிடுதல்', காற்றின் கேள்விக்கு 'அளவு நீக்கம்', துளி ஆவியாவதைச் சரிக்கட்டும் மூன்றாவது செயலுக்கு 'ஆவித் திருத்தம்' என்று மூன்று சொற்களைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. மேம்பட்ட சொற்கள் யாரிடமாவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, பெருமழை. 2021 நவம்பர் மூன்றாம் வாரத்தில் திருப்பதியைப் புரட்டிப்போட்ட மழையைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருமலைப் பாதைகளில் மண் சரிந்தது, இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கீழேயுள்ள ஊர்களைக் காலி செய்தனர். அத்தகைய நாளில் சேகரிப்புப் புட்டி நிரம்பி வழியும். செறிவை அளக்கப் புட்டியில் எஞ்சியது போதும். ஆனால் வழிந்தோடியது எவ்வளவு என்று தெரியாததால் எடை தெரியாது. புட்டியின் நீர் எந்த நேரத்தது என்பதும் ஐயமே: வழியும் புட்டியில் தொடக்கத்து அழுக்கு நீர் பின்வந்த நீரால் எந்த அளவு வெளியேறியது என்பது புனலின் அமைப்பைப் பொறுத்தது. ஓராண்டின் எடையில் பெரும்பங்கை ஒரு வாரம் சுமக்கும் நாட்டில், அந்த வாரத்தின் வரிசை 'தரவு இல்லை' என்று விடுபட்டால் அவ்வாண்டின் எடையிட்ட சராசரி பெரும்பாலும் உயர்ந்தே நிற்கும். ஆகவே திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் மழைநீர் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சராசரிகளை மட்டும் அச்சிடாதீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், புட்டியின் அருகிலேயே அளந்த மி.மீ., செறிவு ஆகியவற்றை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முழுமையாகத் தாருங்கள். புட்டி வழிந்த நாட்களையும் வழிந்தது என்றே குறித்து வையுங்கள்.